பானெட்டுக்கு அந்தப் பக்கம்

பிரபு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கப் போவதில்லை. அதைப் போன ஞாயிற்றுக்கிழமை போனிலேயே கேட்டுவிட்டேன். நீயும் ‘ம்’ என்று சொல்லிவிட்டாய். சாப்பிட்டாயா என்றதற்கும் ஒரு ‘ம்’. மெர்சி எப்படி இருக்கிறாள் என்றதற்கு மட்டும், புதுப் பெண்டாட்டி என்கிற மரியாதைக்கு, “நல்லா கீறாம்மா” என்று இரண்டு வார்த்தை செலவு செய்தாய். அப்புறம் நான் எதிர்பார்த்தபடியே வண்டிப் பேச்சுக்கு வந்தாய். ஆனால் எதிர்பார்க்காததைச் சொன்னாய். “அந்த வண்டிய குடுத்துர்லாம்மா. மெட்ராஸ்ல ஒரு ஆளு எடுத்துக்கிறேன்றான். அடுத்த ஞாயித்துக்கெழம வந்து தூக்கினு போய்டுவான். நீ ஷெட்ட தொறந்து வுட்டா போதும், வேற ஒண்ணும் பேஜாரு இல்ல” என்றாய். நான் “சரிடா” என்று சொல்லி போனை வைத்தேன். வைத்துவிட்டு, குக்கர் எத்தனை விசில் அடித்தது என்றுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குச் சோறு குழைந்து கஞ்சியாகிவிட்டது.

அந்தச் ‘சரிடா’வைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் ஆகாதா என்பாய். ஆகாது. நீ வீடியோவில் வருகிறாய். உன் முகம் தெரிகிறது, மூலையில் சின்னக் கட்டத்தில் என் முகமும் தெரிகிறது. அந்தக் கட்டத்தைப் பார்த்ததும் சொல்ல வந்தது மறந்துபோய், நரைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கத்தான் கை போகிறது. நம் இருவருக்கும் முகத்தைப் பார்த்துப் பேசிப் பழக்கமில்லையடா. வண்டியின் பானெட்டைத் தூக்கி நிறுத்தி, அந்தப் பக்கம் நீ இன்ஜின்மேல் குனிந்திருப்பாய். இந்தப் பக்கம் நான் டிரைவர் சீட்டில் மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பேன். நடுவில் அந்தத் தகடு மறைக்கும். அப்போதுதான் நாம் மனம்விட்டுப் பேசியிருக்கிறோம். இப்போதைக்கு இந்தக் காகிதத்தைத் தூக்கி நடுவில் நிறுத்தியிருக்கிறேன்.

அந்தக் கார் உன் நைனாவின் வண்டி. கம்பெனி மானேஜர்களை ஏற்றிக்கொண்டு மெட்ராஸுக்கும் தேர்வாய் கண்டிகைக்கும் அவர் வருஷக்கணக்காக ஓட்டியது. அவர் போய்ச் சேர்ந்தபிறகு கவரைப்பேட்டையில் நம் வீட்டுப் பக்கத்து ஷெட்டில் கவர் போட்டுக்கொண்டு சும்மா நின்றது. நீ அப்போது கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் மெயின்டனன்ஸ் வேலையில் இருந்தாய். ஒரு நாள் கவரை உருவிவிட்டு இன்ஜினைப் பிரிக்க ஆரம்பித்தாய். பக்கத்து வீட்டு சுலோச்சனா மதில்மேல் தலையை நீட்டி, “இன்னாக்கா, ஓடற வண்டியப் போய் பிரிச்சிப் போட்டுகினு கீறான் உன் புள்ள? கொரங்கு கையில பூமால குடுத்த கதையா கீதே” என்றாள். அவளிடம் உன்னை விட்டுக்கொடுக்காமல் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். ஆனால் உள்ளே வந்து நானும் அதையேதான் உன்னிடம் கேட்டேன்.

நீ கோபப்படவில்லை. கையில் கிரீஸோடு எனக்கு விளக்கினாய். இந்த மாதிரி வண்டியில் நாலு சிலிண்டருக்கும் காற்று போக ஒரே வாய்தான். அந்த வாயில் ஒரு வட்டத் தகடு, ஆக்ஸிலேட்டரை மிதித்தால் திறக்கும். அதற்குப் பெயர் த்ராட்டில் பாடி. “இது கூட்டுக் குடும்பம்மா. ஒரே அடுப்பு. எவனுக்குக் கூட போச்சி, எவனுக்குக் கொறஞ்சிதுன்னு கேக்க முடியாது. நான் இன்னா பண்ணப் போறேன்னா, நாலு பேருக்கும் தனித்தனி அடுப்பு வைக்கப் போறேன். அவனவன் காத்த அவனவன் வாயிலயே இழுத்துக்குவான். கால வச்சா சும்மா பிச்சிக்கினு போவும்” என்றாய். “தனிக்குடித்தனம் போனவன் எவண்டா நிம்மதியா கீறான்?” என்று நான் கேட்டேன். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்புக்காகவே, பழைய வண்டிச் சாமான் விற்கிற புதுப்பேட்டைக்கு உன்னோடு வந்தேன். ஏதோ ஒரு பெரிய பைக்கில் இருந்து கழற்றின நாலு த்ராட்டில் பாடியை, வரிசையாகக் கோத்தபடியே, பழைய சேலையில் சுற்றி ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். எதிர் சீட்டுக்காரி குழந்தையா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

பொருத்துவதில் நீ காட்டிய பொறுமையை நான் அதற்கு முன்னால் உன்னிடம் பார்த்ததில்லை. பைக்கின் துளைக்கும் காரின் துளைக்கும் இடைவெளி ஒத்துவராது என்று நடுவில் ஒரு அலுமினியத் தட்டு செய்யக் கொடுத்தாய். தட்டில் நாலு குழாய், குழாய்க்கு ஒரு ரப்பர், ரப்பருக்கு மேல் த்ராட்டில். நாலு தகடும் ஒன்றாகத் திறக்க ஒரு லிங்க், அதில் ஒன்றை இன்னொன்றோடு சரிக்கட்டச் சின்னச் சின்ன ஸ்க்ரூக்கள். வண்டியின் பழைய கம்ப்யூட்டர் பெட்டிக்கு இந்தக் கணக்கு புரியாது என்று வேறு பெட்டி வாங்கி, ஒயர் ஒயராக நீயே இழுத்தாய். அது முடிந்த பிறகு ட்யூனிங். அது ஒற்றை ஆள் வேலை இல்லை. நீ ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையை ஒவ்வொரு வாயாகக் காட்டி, மறுமுனையைக் காதில் வைத்து, நாலும் ஒரே ‘உஸ்’ஸில் மூச்சு விடுகிறதா என்று கேட்பாய். நான் உள்ளே உட்கார்ந்து, பெட்ரோலும் காற்றும் என்ன அளவில் எரிகிறது என்று லேப்டாப் காட்டும் நம்பரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். “பதிமூணு புள்ளி ரெண்டு” என்பேன். அந்தப் பக்கத்திலிருந்து “ம்” வரும். நீ ஒரு ஸ்க்ரூவைத் திருப்புவாய். “பதிமூணு புள்ளி அஞ்சு.” “ம்.” பின்னால் ரயில் போனால் உனக்கு ‘உஸ்’ கேட்காது. கூட்ஸ் வண்டி என்றால் இரண்டு பேரும் அது முடிகிறவரை காத்திருப்போம்.

அப்படி ஒரு கூட்ஸ் போய் முடிந்த அமைதியில்தான், “ம்மா, மெர்சின்னு ஒரு பொண்ணு கீது. கும்மிடிப்பூண்டிதான். சர்ச்சுக்குப் போற வூடு” என்றாய். சர்ச் என்றதும் எனக்கு ஒப்பவில்லை. ஆனால் கண் லேப்டாப்பில் இருந்ததால், “பதினாலு புள்ளி ஒண்ணு. அவங்க அம்மா இன்னா பண்றாங்க?” என்று கேட்டேன். “ம்” என்றாய், நம்பருக்கு. பிறகு, “ஷூ கம்பெனில வேலம்மா” என்றாய், கேள்விக்கு. முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால் நான் அழுதிருப்பேன், நீ வெளியே போயிருப்பாய், அது ஒரு வாரம் சண்டையாக ஓடியிருக்கும். பானெட் புண்ணியத்தில், நீ மூன்றாவது சிலிண்டரைச் சரிக்கட்டுவதற்குள் நான் மருமகளை ஒப்புக்கொண்டுவிட்டேன்.

ஆனால் அந்த மூன்றாவது சிலிண்டர் மட்டும் ஒப்புக்கொள்ளவே இல்லை.

இங்கே என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் கேள். தேர்வாய் கண்டிகைக் கம்பெனியில் நான் இருப்பது லீக் டெஸ்ட் லைனில். அலுமினியக் கூட்டுக்குள் காற்றை அடைப்போம். எங்கேயாவது ‘உஸ்’ என்றால், அல்லது தண்ணீரில் அமுக்கும்போது குமிழி விட்டால், அந்தப் பீஸ் தள்ளுபடி. ‘உஸ்’ என்றால் எனக்கு ஓட்டை. ஓட்டை என்றால் அடைக்க வேண்டும். உன் நாலு த்ராட்டிலிலும் பக்கத்துக்கு ஒரு பித்தளை ஸ்க்ரூ இருக்கிறதே, தகடு மூடியிருக்கும்போதும் இன்ஜின் சாகாமல் இருக்க இத்தனூண்டு காற்றை விடுகிற வழி, அதில் மூன்றாவது ஸ்க்ரூவின் அடியில் இருந்த ரப்பர் வளையம் தேய்ந்திருந்தது. ஸ்க்ரூவைச் சுற்றி ஒரு கீச்சு. உனக்குக் கேட்கவில்லை. எனக்கு சீட்டில் இருந்தே கேட்டது. “மூணாவதுல காத்து ஒழுகுதுடா” என்று இன்ஜினை நிறுத்தி இறங்கி வந்து, கம்பெனியில் பூசுகிற சிவப்பு சிலிக்கான் பசையை ஸ்க்ரூவைச் சுற்றி நானே பூசினேன். நீ என்னைக் கட்டிப்பிடித்து, “எம்மா, உன் காதுக்கு இன்ஷூரன்ஸ் போடணும்மா” என்றாய். எனக்குத் தலைகால் புரியவில்லை. பசை காய்கிற வரைக்கும் பொறுக்கவில்லை இரண்டு பேரும். உடனே ஸ்டார்ட் பண்ணிவிட்டோம். கீச்சு நின்றிருந்தது. அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது நம் வீட்டில் ஆண் பெண் பார்க்காது.

அதற்குப் பிறகு அந்த வண்டி பட்ட பாடும், நீ பட்ட பாடும் எனக்குத் தெரியும். ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் நின்று ஓடும்போது, அந்த ஐட்லிங்கில், மூன்றாவது மட்டும் விட்டு விட்டு இருமியது. நீ அதன் தகட்டைக் கொஞ்சம் கூடத் திறந்துவைத்தாய். ஐட்லிங் ஒரு மாதிரி நின்றது, ஆனால் காலை லேசாக வைத்தால் அந்த வாய் மட்டும் டப்பென்று திருப்பித் துப்பியது. அதற்கு லேப்டாப்பில் மூன்றாவதுக்குப் பெட்ரோலைக் கூட்டினாய். சூடானதும் இன்ஜின் ஏறி ஏறி இறங்கி அணைந்தது. மறுபடி ஸ்க்ரூ, மறுபடி பெட்ரோல். ஒன்றைச் சரிசெய்ய இன்னொன்று கோணும். ஞாயிறு ஞாயிறாக இதேதான். முதலில் பெட்டியைத் திட்டினாய், பிறகு தட்டு செய்தவனைத் திட்டினாய். கடைசியில் யாரையும் திட்டுவதை நிறுத்தினாய். அப்போதுதான் நான் பயந்தேன். “நைனா வண்டிய நானே கெட்த்துட்டேம்மா. இன்ஜின் வேலயெல்லாம் நம்ம கைக்கு ஒத்து வராது” என்றாய். கோயம்புத்தூரில் பம்ப் கம்பெனியில் மேசை வேலைக்குக் கேட்டார்கள், போய்விட்டாய். கல்யாணம் ஆனது. நன்றாகத்தான் இருக்கிறாய். ஆனால் ரோட்டில் ஒரு நல்ல இன்ஜின் போனால் பேச்சை நிறுத்தித் திரும்பிப் பார்ப்பாயே, கல்யாணத்துக்கு முந்தின நாள் மண்டப வாசலில் ஒரு வண்டி அப்படிப் போனது, நீ திரும்பவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு விஷயத்தை வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். வண்டி ஓடாமல் இருந்ததில் எனக்கு ஒரு லாபம் இருந்தது. ஒத்து வராது என்று சொன்ன பிறகும், கோயம்புத்தூர் வேலைக்குப் போன புதிதில் லீவு கிடைத்தால், “வண்டிய ஒரு கை பாக்கலாம்மா” என்றுதானே வருவாய்? அம்மாவைப் பார்க்க என்று சொல்லி ஒரு ஆண்பிள்ளை ரயில் ஏறமாட்டான், வண்டியைப் பார்க்க என்றால் ஏறுவான். எனக்கு எதைச் சொல்லி வந்தால் என்ன, வந்தால் சரி. கல்யாணத்துக்குப் பிறகு அதுவும் இல்லை. கோயம்புத்தூருக்கு வந்துவிடு என்று நீ கூப்பிடாமல் இல்லை. வந்து இருந்தும் பார்த்தேன். நீங்கள் இருவரும் வேலைக்குப் போனபின் மூன்றாவது மாடியில் ஜன்னலுக்கு ஜன்னல் நடந்தேன். இங்கே தனியாக இருந்தால் தெரிந்த ஊரில் தனி, அங்கே தெரியாத ஊரில் தனி. இந்த வருஷத்தோடு எனக்குக் கம்பெனியும் முடிகிறது. காலையில் கம்பெனி பஸ் ஹார்ன் அடிக்காவிட்டால் எதற்காக எழுந்திருப்பேன் என்று தெரியவில்லை. அந்த நேரத்தில்தான் நீ வண்டியைக் கொடுத்துவிடலாம் என்றாய். உனக்கு அது பழைய இரும்பு. எனக்கு நீ வீட்டுக்கு வருகிற வழி.

இருந்தாலும் ‘சரிடா’ என்று சொல்லியாயிற்றே. வாங்க வருகிறவன் நம்மைக் கேவலமாக நினைக்கக்கூடாது என்று, திங்கட்கிழமை ஷிப்ட் முடிந்து வந்ததும் ஷெட்டைத் திறந்து துடைக்க ஆரம்பித்தேன். எலி, தூசி, குளவிக் கூடு. பானெட்டைத் தூக்கி த்ராட்டில் வாய் ஒவ்வொன்றையும் துணியால் துடைத்தேன். கையால் லிங்க்கை இழுத்தால் நாலு தகடும் திறந்தன. மூன்றாவதன் உள்ளே, தகட்டுக்கு அந்தப் புறம், அந்தச் சின்னக் காற்று வழி வந்து சேர்கிற துளையில், ஏதோ சிவப்பாக நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. பூச்சி என்று நினைத்தேன். செல்போன் லைட் அடித்துப் பார்த்தேன். அந்தச் சிவப்பு எனக்குத் தெரியாதா? தினமும் என் நகக்கண்ணில் இருக்கிற சிவப்பு. கொண்டை ஊசியை வளைத்து இழுத்தேன். மண்புழு மாதிரி நீளமாக, முழுசாக வந்தது. நான் பூசின பசைதான்.

புரிந்தபோது அந்த பம்பர்மேலேயே உட்கார்ந்துவிட்டேன். கம்பெனியில் எங்கள் பீஸுக்குள் இருக்கிற காற்று வெளியேதான் தள்ளும். என் உத்தியோக காலம் முழுக்க வெளியே வருகிற காற்றைத்தான் எனக்குத் தெரியும். ஓடுகிற இன்ஜின் உள்ளே இழுக்கும் என்பது தெரிந்த விஷயம்தான், ஆனால் கைக்குத் தெரியவில்லையே. காயாத பசையை இன்ஜின் அப்படியே உறிஞ்சி, ஸ்க்ரூ வழியை முழுசாக அடைத்துக்கொண்டது. மற்ற மூன்றும் தகடு மூடியிருந்தாலும் மூச்சு விட்டுக்கொண்டிருக்க, இது மட்டும் மூச்சடைத்துக் கிடந்திருக்கிறது. அதன்மேல்தான் நீ தகட்டைத் திறந்தாய், பெட்ரோலைக் கூட்டினாய், எல்லாக் கணக்கையும் போட்டாய். உன் தட்டு சரி. உன் ஒயர் சரி. உன் கணக்கு சரி. உன் கைமேல் ஒரு குற்றமும் இல்லை, பிரபு. இதை உனக்குச் சொல்லாமல் அந்த வண்டியை நான் அனுப்பினால், உன் நைனா வண்டியை நீ கெடுத்ததாகவே கடைசிவரை நினைத்துக்கொண்டிருப்பாய்.

ஆனால் உண்மையைச் சொன்னால், உடனே போனை எடுக்கவில்லை. அந்தச் சிவப்புப் புழுவை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டேன். வண்டி விற்றுப்போனால் நீ வரமாட்டாய். வண்டி சரியாகிவிட்டாலும், சரிசெய்ய என்று நீ வர வேண்டியதில்லை. ஓடாமல், விற்காமல், இப்படியே இழுத்துக்கொண்டிருந்தால்தான் எனக்கு நல்லது. வாங்குகிறவனை ஏதாவது சொல்லித் துரத்திவிட்டு, புழுவை மறுபடி துளைக்குள் செருகிவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது என்றும் நினைத்தேன். பெற்றவள் இப்படியும் நினைப்பாளா என்றால், நினைப்பாள். பிறகு மண்டப வாசலில் நீ திரும்பாமல் நின்றது ஞாபகம் வந்தது. எழுந்துபோய்ப் பசையைக் குப்பையில் போட்டேன்.

எனக்கு இப்போதெல்லாம் வார லீவு வியாழக்கிழமை. கம்பெனி ஸ்டோரில் கேட்டு அதே அளவு ரப்பர் வளையம் ஒன்று வாங்கி வைத்திருந்தேன், அதை ஸ்க்ரூவில் மாட்டினேன். ஹைவே ஓரத்து பேட்டரிக் கடைக்காரன் வந்து புது பேட்டரி மாட்டிவிட்டுப் போனான். நீ கூடத் திறந்துவைத்த மூன்றாவது தகட்டை மற்றதோடு சமமாக இறக்கினேன். ஒரே காகிதத் துண்டு நாலு தகட்டிலும் ஒரே மாதிரி உரசிப் போகிறதா என்று நீ பார்ப்பாயே, அதேபோல். மூன்றாவதுக்கு நீ கூட்டின பெட்ரோலை, நீ இங்கேயே விட்டுப்போன லேப்டாப்பில் பழையபடி குறைத்தேன். நீ சொல்லச் சொல்ல அன்றைக்கு டைப் பண்ணினவள் நான்தானே, இடம் தெரியும். சாமி படத்தைப் பார்த்துவிட்டுச் சாவியைத் திருப்பினேன். இருமியது, இருமியது, பிடித்துக்கொண்டது.

இரண்டு ஆள் வேலையை ஒரு ஆள் செய்தால் எப்படி இருக்கும் தெரியுமா? சீட்டில் நம்பரைப் பார்த்துவிட்டு இறங்கி முன்னால் ஓடுவேன், குழாயைக் காதில் வைத்து ஸ்க்ரூவைத் திருப்புவேன், நம்பர் என்ன ஆனது என்று பார்க்க மறுபடி சீட்டுக்கு ஓடுவேன். முட்டிவலிக்காரி ஓடுகிற ஓட்டமா அது! நடுவில் கூட்ஸ் வேறு. இன்ஜின் நன்றாகச் சூடாகும்வரை எதையும் முடிவாக முடுக்காதே, குளிர்ந்த இன்ஜின் பொய் சொல்லும் என்பாய். அதையும் மறக்கவில்லை. சூடானபிறகு ஒரு தரம் கடைசியாக நாலு வாயிலும் குழாயை வைத்துக் கேட்டேன். நாலும் ஒரே ‘உஸ்’. ஏறவில்லை, இறங்கவில்லை. லேசாகக் காலை வைத்தேன். துப்பவில்லை. ஆ என்று ஒரு சத்தம் வந்தது பார், நாலு வாயும் ஒன்றாகத் திறந்து இழுக்கிற சத்தம், நீ கையை ஆட்டி ஆட்டிச் சொல்வாயே, அதுதான். அந்தச் சத்தத்துக்கு சுலோச்சனா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு மதிலுக்கு ஓடிவந்தாள்.

“இன்னாக்கா, பிரபு வந்துகிறானா? சொல்லவே இல்ல? வண்டி சத்தம் கேட்டுச்சே!” என்றாள்.

“இல்லமே. நான்தான்” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். “இரு, நாஷ்டா கொணாறேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அன்றைக்குத்தான் அவளை எனக்கு முதல்முறையாகப் பிடித்தது.

கல்யாணத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் உனக்கும் மெர்சிக்கும் புத்தி சொன்னார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை, பந்தியைக் கவனிக்கிற சாக்கில் தப்பித்தேன். இப்போது ஒன்று சொல்கிறேன், காசா பணமா, கேட்டுக்கொள். எல்லா ‘உஸ்’ஸும் ஓட்டை இல்லை. உன் நைனா கம்பெனியில் பேச்சு வாங்கிக்கொண்டு வந்து முனகுவார். நான், “வுடுயா, போய்ப் படு” என்று ஒரே வார்த்தையில் அடைப்பேன். எனக்கு வீடு சத்தமில்லாமல் இருக்க வேண்டும். அவர் எழுந்துபோய் ஷெட்டில் வண்டிக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்துகொள்வார். வீடு சத்தமில்லாமல்தான் இருந்தது. மெர்சி முனகினால் முனகட்டும், நீயும் அவளிடம் முனகு. அப்படியும் கோணலாக இருந்தால், எடுத்த உடனே அன்பைக் கூட்டுகிறேன், சேலை வாங்கித் தருகிறேன் என்று பெட்ரோலை ஊற்றாதே. முதலில் எங்கே மூச்சடைத்துக் கிடக்கிறது என்று பார். ‘ம்’ போட்டுக்கொண்டே குடும்பம் நடத்தலாம் என்று மட்டும் நினைக்காதே, அதற்கெல்லாம் என்னைப்போல ஒருத்திதான் சரிப்படுவாள்.

சாப்பிட்டுவிட்டு வண்டியை வெளியே எடுத்தேன். சிரிக்காதே. தேர்வாய் கண்டிகையில் ரோடு மட்டும் போட்டு, கம்பெனிகள் வராமல் கிடந்த காலத்தில் உன் நைனா ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தார். லைசென்ஸும் எடுத்தேன். லேப்டாப்பை இடது பக்க சீட்டில் வைத்து பெல்ட்டையும் போட்டுவிட்டு ஹைவேயில் ஏறி, கும்மிடிப்பூண்டியைத் தாண்டி எளாவூர் செக்போஸ்ட் லாரி வரிசை தெரிகிற வரைக்கும் போனேன். வண்டி பறந்தது. ஆக்ஸிலேட்டரைப் பாதி மிதிக்கும்போது மட்டும் இன்னும் ஒரு சின்னத் தயக்கம் இருக்கிறது. வண்டி ஓடும்போது ஒருத்தர் ஓட்டி, பக்கத்தில் ஒருத்தர் நம்பரைப் பார்த்துப் பெட்ரோலைத் திருத்தினால்தான் அந்தத் தயக்கம் தீரும். ரோட்டைப் பார்த்தால் நம்பர் தெரியவில்லை. நம்பரைப் பார்த்தால் லாரி தெரியவில்லை. ஒருத்தன் ஹார்னாலேயே என்னைத் திட்டிவிட்டுப் போனான்.

நீ கொடுத்த நம்பரில் மெட்ராஸ்காரனுக்கு நானே போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம், வண்டி கொடுப்பதாக இல்லை என்று சொல்லிவிட்டேன். கோபப்படு, பரவாயில்லை. அந்தத் தயக்கத்தைப் போக்க உன்னைக் கூப்பிடுவதாக நினைத்துவிடாதே. வண்டியை உருளைமேல் ஏற்றி ஓட்டித் திருத்துகிற இடம் மெட்ராஸில் இருக்கிறதாம், விசாரித்துவிட்டேன். இனி நீ வந்தால் வண்டிக்காக வராதே. வண்டி நன்றாக இருக்கிறது, அதற்கு ஒன்றுமில்லை. எனக்குத்தான் உன்னைப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது. இதைச் சொல்ல இவ்வளவு இரும்பு தேவைப்பட்டிருக்கிறது எனக்கு.

செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு புளியமர நிழலில் வண்டியை ஓரம் கட்டினேன். இன்ஜினை நிறுத்தவில்லை. பானெட் மூடியிருந்தது, கண்ணாடி வழியாக முன்னால் ரோடு முழுக்கத் தெரிந்தது. லேப்டாப் பக்கம் திரும்பி, பழக்க தோஷம், “பதிமூணு புள்ளி ரெண்டு” என்று சத்தமாகவே சொன்னேன். சொல்லிவிட்டு, அந்தப் பக்கத்திலிருந்து ‘ம்’ வருகிறதா என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். பிறகு வண்டியை வீட்டுக்குத் திருப்பினேன்.

பானெட்டுக்கு இந்தப் பக்கத்திலிருந்து,
அம்மா